18ஆம் நூற்றாண்டு கவுன் தைக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதம் முழுக்க ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது. பிளஸ் டூவில் இவ்வளவு மார்க் வாங்கிய பிள்ளை டெய்லர் ஆகவா ஆசைப்படுவாள்? திருப்பூரில் சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் வீட்டிலிருந்து இந்தக் கேள்வி வருவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் உங்கள் கோபம் புரிகிறது. பீஸ் ரேட்டுக்குக் கழுத்து ஒடியத் தைப்பவர்களைத் தினமும் பார்ப்பவர் நீங்கள்.

உங்கள் மகள் கேட்பது அந்தத் தையல் இல்லை. ஒரு காலத்தில் ஓர் ஊரில் எப்படி உடுத்தினார்களோ அதே துணி, அதே வெட்டு, அதே தையலில் இன்று மறுபடி செய்வது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது தனித் தொழில். அருங்காட்சியகங்கள், நாடக அரங்குகள், பழைய போர்களையும் வாழ்க்கையையும் நடித்துக் காட்டும் குழுக்கள் ஆகியோர்தான் இதற்கு வாடிக்கையாளர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற ஊரின் பழைய பகுதியையே 1926 முதல் 18ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு மீட்டுக் கட்டினார்கள். அங்கே தையல்காரர், தொப்பிக்காரர், செருப்புத் தைப்பவர், விக் செய்பவர் எல்லோரும் மாதச் சம்பளத்தில் அந்தக் காலத்து முறையிலேயே வேலை செய்கிறார்கள். லண்டனில் வரலாற்று ஆடைகளுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜென்னி டிராமணி, ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றுக்கு அக்கால முறையில் ஆடை அமைத்து 2014ல் டோனி விருது வாங்கியவர்.

"பார்க்க அதே மாதிரி இருந்தால் போதாதா, அதற்கு இவ்வளவு பாடா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சினிமாவுக்குப் பெரும்பாலும் போதும். இந்தத் தொழிலில் போதாது. இடுப்புக் கச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கயிறு கோத்துக் கட்ட அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். உங்கள் யூனிட்டில் என்றால் உலோக வளையத்தை வைத்து மெஷினில் ஒரு அடி அடித்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்த உலோக வளையத்துக்குக் காப்புரிமை வந்ததே 1820களில்தான். 1770ஐச் சேர்ந்த கச்சில் அது இருந்தால் கண்காட்சியில் வைக்க முடியாது. அப்போது என்ன செய்தார்கள்? துணியை வெட்டாமல், கூம்பான குத்தூசியால் இழைகளை மெல்ல விலக்கித் துளை உண்டாக்கினார்கள். பிறகு தேன்மெழுகு பூசிய லினன் நூலால் சுற்றிலும் நெருக்கித் தைத்தார்கள். இழை அறுபடாததால் கயிற்றை இழுத்துக் கட்டினாலும் துளை எளிதில் கிழியாது. ஒரு கச்சுக்கு இப்படிப் பல துளைகள், எல்லாம் கையால். தையல் மெஷினுக்கும் இதே கதைதான். எலியாஸ் ஹோ காப்புரிமை வாங்கியது 1846ல். செயற்கைச் சாயம் வந்தது 1856ல். இந்த மாதிரி ஆண்டுகளை விரல் நுனியில் வைத்துக்கொண்டு தைப்பவரைத்தான் இந்தத் தொழில் தேடுகிறது. உங்கள் மகளுக்கு வரலாற்றில் நல்ல மார்க் வந்தது வீணாகப் போகாது.

இந்தக் கச்சைத்தான் கார்செட் என்பார்கள். கார்செட் என்றதும் நீங்கள் பதறியிருப்பதும் தெரிகிறது. இடுப்பை ஒடிக்கும் கதைகளில் பாதி மிகைதான். பல அடுக்குப் பாவாடைகளின் பாரத்தைத் தாங்கவும் முதுகை நிமிர்த்தி வைக்கவும் உழைக்கும் பெண்களும் கச்சு அணிந்தார்கள். அவளைப் பயமில்லாமல் தைக்க விடுங்கள்.

இனி, உங்களுக்கு அநேகமாகத் தெரியாத ஒரு சங்கதி. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பெண்கள் ஆசைப்பட்டு வாங்கிய பூப்போட்ட பருத்தித் துணிகளில் பெரும்பங்கு போனது நம் கடற்கரையிலிருந்துதான். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் எல்லாம் அதற்குப் பேர்போன துறைகள். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் படிகாரத்தால் வரைவார்கள். சாயவேரில் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். இரும்புக் கரைசலால் வரைந்தால் கறுக்கும். நீலத்துக்கு மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரியில் முக்குவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் போகாத சாயம். ஐரோப்பாவில் இருந்த கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்பே ஆட்டம் கண்டது. பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இந்தத் துணியைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700லும் 1721லும் சட்டம் போட்டது. சட்டம் போட்டும் பெண்கள் உடுத்தத்தான் செய்தார்கள்.

இன்று அந்தக் கவுன்களை மறுபடி தைப்பவர்களில் பலர் இயந்திரத்தில் அச்சடித்த துணியோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது. கையால் வரைந்தது கிடைப்பது அரிது. நம் பக்கத்திலோ காளஹஸ்தியில் இன்றும் மூங்கில் கலம் பிடித்து வரைகிறார்கள். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களில் தொங்கவிடும் தொம்பையும் மேலே விதானமாகக் கட்டும் அஸ்மானகிரியும் வரைகிறார்கள். இப்படிக் கலத்தால் வரையும் கருப்பூர் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. லண்டனில் பிறந்த ஒருத்தி இதைக் கற்க விமானம் ஏறி வர வேண்டும். உங்கள் மகளுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். அவளுடைய தனித்திறமையாக எதை வளர்க்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வெறும் கவுன் தைப்பவர்கள் அங்கேயே நிறைய இருக்கிறார்கள்.

துணி வேண்டாம், பொருள்கள் பக்கம் போகிறேன் என்றாலும் வழி உண்டு. 18ஆம் நூற்றாண்டுச் செருப்புகள் பெரும்பாலும் இடது, வலது வித்தியாசமில்லாமல் ஒரே அச்சில் செய்தவை. அதைச் செய்யத் தோல் வேலை தெரிய வேண்டும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் எட்டிய தூரத்தில்தான் இருக்கின்றன. டேராடூனில் 1943ல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் பழங்கால வாள், கவச நகல்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. ஆக, இந்தியாவுக்குப் புதிய தொழில் இல்லை இது.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். நிரந்தரச் சம்பள வேலைகள் மிகக் குறைவு. இருப்பவையும் வெளிநாட்டில். விசாவும் சுலபமில்லை. பெரும்பாலோர் ஆர்டர் எடுத்துத் தனியாகச் செய்பவர்கள். ஒரு கவுனுக்கு வாரக்கணக்கில் உழைத்துவிட்டு, மணிக்கணக்குப் போட்டு விலை சொல்லத் தெரியாமல் நஷ்டப்படுபவர்கள் அவர்களில் நிறைய. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மகளுக்கு அப்பாவே நல்ல வாத்தியார். காஸ்டிங் ஷீட் போட அவரிடம் உட்கார்ந்து கற்கட்டும்.

ஆகவே, கடன் வாங்கி நேராக லண்டனுக்கு அனுப்புவதை இப்போது நான் ஏற்கமாட்டேன். எந்த ஏஜென்ட் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. இந்தத் தொழிலில் சான்றிதழை யாரும் முதலில் கேட்பதில்லை, செய்த பொருளைத் திருப்பிப்போட்டு உள்தையலைத்தான் பார்ப்பார்கள். முதலில் இங்கே அகலமான ஒரு படிப்பு. நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் பி.டெஸ். என்ற வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர பிளஸ் டூவில் எந்தப் பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை, நுழைவுத் தேர்வு உண்டு, சென்னையிலேயே வளாகம் இருக்கிறது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் டெக்ஸ்டைல் பிரிவு இருக்கிறது. கட்டணத்தைப் பற்றி யோசிப்பவர்கள் அதை மறந்துவிடக் கூடாது. நெசவே பிடித்துப்போனால் சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி. இப்படிப் படித்தால் பழைய ஆடை கைகொடுக்காவிட்டாலும் சினிமா ஆடைப் பிரிவு, பழந்துணிகளைக் கெடாமல் பாதுகாப்பது, ஏற்றுமதி டிசைனிங் என்று வேறு கதவுகள் திறந்திருக்கும். சினிமா என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்த பானு அதையா, காந்தி படத்தின் ஆடை வடிவமைப்புக்காகத்தான் 1983ல் வாங்கினார். லண்டன் குறுகிய காலப் பயிற்சிகளைப் பட்டம் முடித்த பிறகு, கையில் நாலு பொருள் இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் இந்த விடுமுறையில் அவள் செய்ய வேண்டியது ஒன்று. 18ஆம் நூற்றாண்டுப் பெண்கள் எல்லாவற்றுக்கும் அடியில் போட்ட ஷிஃப்ட் என்ற உள்ளாடையை முழுக்கக் கையால் தைக்கட்டும். வெறும் செவ்வகங்களும் முக்கோணங்களும்தான், துணி வீணாகாது. அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு வரும், கை தூக்கும்போது கிழியாமல் இருக்க. அதன் நாலு மூலையும் சுருக்கமில்லாமல் உட்கார்ந்தால் பிள்ளைக்குக் கை இருக்கிறது என்று அர்த்தம். அசலுக்கு லினன் வேண்டும், பழகுவதற்கு ஈரோட்டுக் கோரா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி, போதும்.

கூடவே ஒரு நோட்டு. எந்த முடிவை எதை வைத்து எடுத்தாள் என்று எழுத வேண்டும். மிஞ்சியிருக்கும் ஆடையைப் பார்த்தா, ஓவியத்தைப் பார்த்தா, எழுத்து ஆவணமா, இல்லை தன் ஊகமா? லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். எழுத்து ஆவணம் எங்கெங்கோ கிடைக்கும். வர்ஜீனியாவின் பழைய செய்தித்தாள்களில் தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்லி எசமானர்கள் விளம்பரம் கொடுத்தார்கள். ஓடியவர் என்ன சட்டை, என்ன நிறம், எங்கே ஒட்டு என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஏழைகளின் உடை பெரும்பாலும் மிஞ்சவில்லை, கந்தலாகிப் போய்விட்டது. அவர்கள் உடுத்தியதை நாம் அறிய அந்தக் கொடுமையான விளம்பரங்களும் ஒரு வழி. ராணி உடைகளை மட்டும் பார்த்து மயங்கியிருக்கிறாளா, இதையும் படித்து வேலை செய்வாளா என்பது நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாதியில் சலித்துக் கீழே வைத்துவிட்டால் திட்டாதீர்கள். சில நூறு ரூபாய்த் துணியோடு போயிற்று. முடித்துவிட்டால் ஷிஃப்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் வாருங்கள், நிஃப்ட் விண்ணப்பத்தைச் சேர்ந்து பார்க்கலாம். அதுவரை யூனிட்டில் ஒரு கட்டிங் டேபிளின் ஓரத்தை அவளுக்கு ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். கட்டில்மேல் துணியைப் போட்டு வெட்டினால் நேர் வராது. ஓவர்லாக் மெஷின் பக்கம் மட்டும் அவள் போகக் கூடாது.