ஒரு கண் வரைந்ததும் மறு கண்ணுக்கு இடமில்லை

கேள்வி:

வணக்கம் டீச்சர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பின்னேரங்களில் எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகளை வாசிகசாலையில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். 8 வயதிலிருந்து 13 வரை மொத்தம் 11 பேர். சனிக்கிழமை சித்திரம். இப்போது யாரும் பூ, மயில், சூரிய உதயம் வரைய ஒப்புக்கொள்வதில்லை. பெரிய கண்ணும் கூரான முடியுமாக வரும் ஜப்பான் கார்ட்டூன்தான் எல்லாருக்கும் வேண்டும். போனில் படத்தைப் போட்டு அதன் மேலேயே தாளை வைத்து வரைகிறார்கள். சொந்தமாக வரையச் சொன்னால் ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் வந்து, அழுதுகொண்டே கிழித்துப் போடுகிறார்கள். எனக்கும் அந்தப் படம் வரையத் தெரியாது. இதைப் பழக்கினால் பிள்ளைகளின் கை கெட்டுவிடுமா? ஒரு தகப்பனார் வந்து, “புலமைப்பரிசில் வருஷத்தில் பொம்மைப் படம் எதுக்கு?” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். என்ன செய்யட்டும்?

— ஒரு முன்பள்ளி ஆசிரியை

பதில்:

தங்கச்சி, முதலில் அந்தக் கண் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். தகப்பனாரை அப்புறம் பார்க்கலாம்.

வரும் சனிக்கிழமை ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் படத்தை எங்கே தொடங்குகிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் எல்லாரும் ஒரு கண்ணில்தான் தொடங்குவார்கள். இமை, இமைமயிர், கருவிழி, அதற்குள் வெள்ளைப் புள்ளி என்று கால் மணித்தியாலம் அந்த ஒரு கண்ணிலேயே போய்விடும். அழகாகவும் வந்துவிடும். பிறகு மூக்கு, அப்புறம் முகத்தின் ஓரம். மற்றக் கண்ணுக்கு வரும்போது இடம் இருக்காது. லயத்து அறையில் முதலில் கட்டிலைப் போட்டுவிட்டு அலுமாரிக்கு இடம் தேடுகிற கதைதான்.

ஆகவே கண் கடைசியில். முதலில் ஒரு வட்டம். கோப்பையைக் கவிழ்த்து வைத்து வரைந்தாலும் குற்றமில்லை. வட்டத்துக்குக் கீழே நாடிக்காகச் சின்னதாக ஒரு கூர். மேலிருந்து கீழாக நடுவில் மெல்லிய கோடு ஒன்று, குறுக்கே இன்னொன்று. அந்தக் குறுக்குக் கோட்டில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நமக்கெல்லாம் கண் இருப்பது தலையின் கிட்டத்தட்ட சரிபாதியில். உச்சியிலிருந்து நாடி வரை அளந்து காட்டுங்கள், பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கண் இன்னும் மேலே இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஜப்பான் பாணியில் அந்தக் கோடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சின்னக் குழந்தையின் தலை அப்படித்தான் இருக்கும்: நெற்றி பெரிது, கண்ணும் மூக்கும் வாயும் கீழ்ப்பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்தப் படங்களைப் பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றுவது அதனால்தான். இதை விளக்க உங்களுக்குப் புத்தகம் வேண்டாம். முன்பள்ளிக்கு வருகிற மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டினால் போதும்.

அந்தக் கோட்டின் மேல் இரண்டு கண்ணுக்கும் இரண்டு பெட்டி போடச் சொல்லுங்கள். நடுவில் இன்னொரு பெட்டிக்கு இடம் விட வேண்டும். பிறகு இரண்டு கண்ணையும் சேர்த்தே வளர்க்க வேண்டும். இடது கண்ணில் மேல் இமை வந்தால் உடனே வலது கண்ணிலும் மேல் இமை. ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது. மேல் இமை தடித்த கோடு. கீழ் இமை இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு மெல்லியது. கருவிழியின் மேல்பாதி இருட்டு. வெளிச்சப் புள்ளிக்கு வெள்ளைப் பேனை தேட வேண்டாம். வண்ணம் தீட்டும்போதே அந்த இடத்தை வெறுந்தாளாக விட்டுவிடலாம். ஆனால் இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். வாசிகசாலை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்படியும் முகம் கோணலாக வந்தால், தாளைக் குப்புறத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரைந்துகொண்டே இருக்கும்போது நம் தப்பு நமக்குப் பழகிப்போய்விடும். பின்பக்கமாகப் பார்த்தால் அது யாரோ வரைந்த படம் மாதிரித் தெரியும். எந்தக் கண் இறங்கியிருக்கிறது என்று பிள்ளையே சொல்லிவிடும். உங்கள் பக்கம் மூடுபனி இறங்கிய நாளில் ஜன்னல் முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம். காசு கொடுத்தாலும் அப்படி ஒரு லைட் பெட்டி கிடைக்காது.

முடிக்கு ஒரே ஒரு விஷயம். விளக்குமாற்று ஈர்க்கு மாதிரி ஒவ்வொரு மயிராக வரைய விடாதீர்கள். இந்தப் பாணியில் முடி கொத்துக் கொத்தாக வரும். ஒவ்வொரு கொத்தும் அடியில் அகன்று, நுனியில் கூராகி, ஒரு பக்கம் வளையும். நான் பிள்ளைகளுக்குக் கொழுந்தைக் காட்டித்தான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளித் தலைகீழாகப் பிடித்தால் நெற்றியில் விழுகிற முன்முடி அப்படியே வந்துவிடும். எல்லாக் கொத்தும் உச்சிச் சுழியிலிருந்து புறப்பட வேண்டும், அவ்வளவுதான்.

கை கெட்டுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஒரு காலத்தில் கெட்டுவிடும் என்றுதான் நினைத்தேன். படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க இந்த மாதிரி முகங்களாக வரைந்து வைத்திருந்தான். “இது சித்திரமில்லை” என்று சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டேன். அவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் வீடும் தென்னைமரமும் மட்டும் வரைந்தான், இரண்டு வருஷம். தென்னைமரமே இல்லாத ஊர் எங்களுடையது.

பிறகுதான் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஜப்பான் படக்கதைகளுக்குச் சொல்கிற மங்கா என்கிற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹொக்குசாய் என்ற ஜப்பானிய ஓவியர் 1814இல் அந்தப் பெயரில் மாதிரிப் படத் தொகுதி ஒன்றை வெளியிடத் தொடங்கினார். மொத்தம் 15 தொகுதிகள், கடைசித் தொகுதி வந்தது அவர் இறந்த பிறகு. கதைப் புத்தகமே இல்லை அது. மல்யுத்தக்காரர், பூச்சி, அலை, வேலை செய்கிற ஆட்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பழகுகிறவர்கள் பார்த்து வரைவதற்காகப் போட்டுக் கொடுத்தது. பார்த்து வரைவது அங்கே அவமானமாக இருக்கவில்லை. இந்தப் பெரிய கண்ணும் அவர்கள் ஊர்ச் சொத்து மட்டும் என்று சொல்ல முடியாது. தெசுகா ஒசாமு, வைத்தியம் படித்தவர், 1952இல் ரோபோச் சிறுவன் ஒருவனை வைத்துத் தொடர் வரையத் தொடங்கினார். அமெரிக்க டிஸ்னி கார்ட்டூன்களில் மயங்கிக் கிடந்தவர் அவர். கண்ணைப் பெரிதாக்கியது அங்கிருந்து எடுத்த இரவல். 1963இல் அந்தத் தொடர் தொலைக்காட்சிக்குப் போனபோது வாராவாரம் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது, காசும் குறைவு. அதனால் உடம்பை அசைக்காமல் வாயையும் கண்ணையும் மட்டும் அசைத்து ஒப்பேற்றினார்கள். மூக்கு ஒரு புள்ளியாகவும் வாய் ஒரு கோடாகவும் சுருங்கி, கண்ணே எல்லா வேலையும் பார்க்கிற இந்தப் பாணிக்கு அந்த அவசரமும் தோதாக இருந்தது.

சரி, கெடுதலே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைகளின் படங்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பாருங்கள். முகம் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கும், இல்லாவிட்டால் சட்டைப் பையில் இருக்கும். கால் புல்லுக்குள் மறைந்திருக்கும், அல்லது தாள் முழங்காலோடு முடிந்திருக்கும். வரையத் தெரியாத இடத்தையெல்லாம் ஒளித்துவிட்டு, தெரிந்த அந்த ஒரு முகத்தையே நூறு தடவை வரைவார்கள். கவனிக்க வேண்டியது இதைத்தான். அதற்கு நான் வைத்த சட்டம்: ஒவ்வொரு படத்திலும் ஒரு கையாவது எதையாவது பிடித்திருக்க வேண்டும். வாளோ, ரொட்டியோ, குடையோ, அது பிள்ளையின் இஷ்டம்.

போனில் வைத்துப் பிரதி எடுப்பதைத் தடுக்க வேண்டாம், ஒரு தடவைக்கு மேல் விடவும் வேண்டாம். ஒருமுறை மேலே வைத்து வரையட்டும். பிறகு போனை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஞாபகத்திலிருந்து இன்னொருமுறை. மூன்றாவதாக, அதே ஆளைக் குழாயடியில் வாளி தூக்குகிற மாதிரி வரையச் சொல்லுங்கள். மூன்றாவது படம் அசிங்கமாகத்தான் வரும். அதைக் கிழிக்க விடாமல் திகதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுத்த படத்தின் கீழே ‘பார்த்து வரைந்தது’ என்று எழுதப் பழக்குங்கள். நாளைக்குப் போட்டிக்கு அனுப்பும்போது பிரச்சினை வராது. அந்த போனில் என்ன ஓடுகிறது என்றும் ஒரு கண் வைத்திருங்கள். ஜப்பான் கார்ட்டூன் எல்லாமே சின்னப் பிள்ளைகளுக்கானது கிடையாது.

உடம்புக்குத் தலைதான் அளவுகோல். வளர்ந்த ஆள் ஏழு, ஏழரைத் தலை உயரம். பிறந்த குழந்தை நான்கு தலை. சிபி என்று ஒரு வகை உண்டு, குட்டையாக இருப்பவரைச் சொல்கிற ஜப்பானியப் பேச்சு வார்த்தை அது. அந்த உருவம் மொத்தமே இரண்டு அல்லது மூன்று தலைதான். தொடங்குவதற்கு இதைவிட நல்லது இல்லை, எட்டு வயதுப் பிள்ளைக்கும் முதல் நாளே முழு ஆள் ஒன்று கைக்கு வந்துவிடும். தாளில் வரைந்த தலையின் அளவுக்கு ஈர்க்கு ஒன்றை ஒடித்துக் கொடுங்கள். அதை வைத்து அளந்துகொண்டே கீழே இறங்கட்டும்.

அப்புறம் முக விளையாட்டு. ஒரே முகத்தை ஆறு தடவை வரைந்து, புருவத்தையும் வாயையும் மட்டும் மாற்ற வேண்டும். ‘சந்தோஷம், கோபம்’ என்று தலைப்புக் கொடுத்தால் கடையில் விற்கிற ஸ்டிக்கர் மாதிரித்தான் வரும். ‘தோட்டத்தில் நாள் சம்பளத்துக்குப் பெயர் போடாத நாள் அம்மாவின் முகம்’, ‘பஸ் நிற்காமல் போனதும் அண்ணன் முகம்’ என்று கொடுத்துப் பாருங்கள். நெற்றியோரம் பெரிய வேர்வைத் துளி என்றால் சங்கடம், பொட்டில் நரம்பு புடைத்த அடையாளம் என்றால் கோபம். இதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும், உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

தோட்டத்தைத்தான் வரைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். எந்தப் போட்டி வந்தாலும் கொழுந்து பறிக்கிற பெண்ணை வரையச் சொல்லிச் சொல்லியே அவர்களுக்கு அலுத்துவிட்டது. வாள் வைத்த வீரன் வேண்டுமா, வரையட்டும். அவன் எங்கே தூங்குகிறான், மழை பெய்தால் என்ன போடுகிறான் என்று மட்டும் கேட்டு வையுங்கள். நான் அப்படிக் கேட்டுவிட்டு மறந்துபோன ஒரு நாள், பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வீராங்கனை ஒருத்தி. முதுகில் காற்றில் பறக்கிற மேலாடை. உற்றுப் பார்த்தால் அது படங்கு, மழைக்கு இடுப்பில் கட்டுகிற அதே படங்கு. ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. தலையில் கூடைக் கயிறு அழுத்துகிற இடத்தில் மட்டும் முடி படிந்திருந்தது. கொத்து முடியைத்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். படிந்த முடி அவள் வீட்டில் பார்த்தது.

உங்களுக்கு வரையத் தெரியாது என்பது பெரிய குறை இல்லை. உங்களுக்கும் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு அவர்களோடு உட்காருங்கள். உங்கள் கண்ணும் கோணலாக வருவதைப் பார்த்தால் கிழிக்கிற பழக்கம் பாதி நிற்கும். கரும்பலகையில் வரைந்து காட்ட, நன்றாக வரைகிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். சாமானுக்குச் செலவு வேண்டாம்: எச்பி பென்சில், அழிறப்பர், கறுப்புப் பேனை, பழைய கலண்டரின் வெறும் பக்கம். ஒன்று மட்டும், தென்மேற்குப் பருவமழை நாட்களில் உங்கள் பக்கம் தாள் எல்லாம் ஈரம் குடித்துவிடும். பேனை மை ஊறும், அழிறப்பர் பட்டால் தாள் உரியும். தாள்களை மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

இனி அந்தத் தகப்பனார். அவரைக் கோபிக்காதீர்கள், அவருக்கு இருப்பது பயம். ஐந்தாம் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சை நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய கதவு என்று உங்களுக்கே தெரியும். படம் வரைந்தால் கணக்கு வரும் என்று மட்டும் அவரிடம் கதை விடாதீர்கள். பெறுபேறு வந்ததும் அது உங்கள் தலையில்தான் விழும். பரீட்சை முடியும் வரை அந்தப் பிள்ளைக்குச் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை என்று சொல்லி அதைக் காப்பாற்றுங்கள். சாதாரண தரத்துக்குச் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கலாம் என்பதையும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலையைப் பட்டப் படிப்பாகப் படிக்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். பாடசாலைச் சித்திரப் பாடத்தில் மட்டும் ஆசிரியர் சொல்கிற முறையிலேயே வரையட்டும், அங்கே சண்டை வேண்டாம்.

பிள்ளைகளின் படங்களில் நாலைந்தை எனக்கு அனுப்புங்கள், அந்த அசிங்கமான மூன்றாவது படங்களையும் சேர்த்து. மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்ப வேண்டும். மடித்து வருகிற படங்களில் மடிப்புக் கோடு எப்போதும் மூக்கின் மேல்தான் விழுகிறது.