பழைய டிராக்டர் கேள்வி பதில்: தண்ணி, சூடு, ரெண்டு பிரேக் பெடல்

எங்க வீட்டில் ரெண்டு வண்டி நிக்குது. ஒண்ணு அப்பா 1986-ல் வாங்கின மாஸி 1035. இன்னொண்ணு பங்காளி வீட்டிலிருந்து வந்த எச்.எம்.டி. 2511. வாழப்பாடி பக்கம் குச்சிக்கிழங்கும் மஞ்சளும்தான் வெள்ளாமை. ரெண்டு வண்டிக்கும் நானும் தம்பியும் என் மகளும்தான் கை வைக்கிறோம். லேத் வேலையும் நாசில் (சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற முனை) வேலையும் மட்டும் வெளியே போகும். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததிலும், பதிலைப் பார்த்துட்டு மறுபடி கேட்டதிலும் எனக்குத் தெரிஞ்சதுக்குப் பதில் சொல்றேன். புது எலெக்ட்ரானிக் வண்டி, விலை, மானியம் இதெல்லாம் என்கிட்ட கேட்காதீங்க.

கேள்வி (ஓமலூர்): 1035 வண்டிங்க. நேத்து வரைக்கும் லிஃப்ட் நல்லா தூக்குச்சு. இன்னைக்கு ஒன்பது கொழுக் கலப்பையைத் தூக்கவே இல்ல. பம்ப் போச்சா?

பதில்: பிடிஓ (பின்னாடி மாட்டுற கருவியைச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்) லீவர் எங்கே நிக்குதுன்னு முதல்ல பாருங்க. இந்த வண்டியில் லிஃப்ட் பம்ப் பின்னாடி ஹவுசிங்குக்குள்ள ஆயில்லயே மூழ்கிக் கிடக்கும். அதைச் சுத்துறது பிடிஓ ஷாஃப்ட்தான். நேத்து யாராவது லீவரை நியூட்ரல்ல தள்ளி விட்டிருந்தா பம்ப் சுத்தாது, லிஃப்டும் தூக்காது. அது சரியா இருந்தா ஆயில் அளவைப் பாருங்க. அப்புறம்தான் பம்ப் பேச்சு.

கேள்வி (மேச்சேரி): டீசல் தீர்ந்து நின்னுடுச்சு. டீசல் ஊத்தியும் கிளம்பல. செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கிடுச்சு.

பதில்: ஏர் பிடிச்சிருக்குங்க. செல்ஃப் அடிச்சா ஏர் போகாது. டேங்க் டேப்பைத் திறந்துட்டு, டீசல் ஃபில்டர் மேல இருக்கிற ஏர் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து இளக்குங்க. ஃபீட் பம்ப்ல இருக்கிற கை லீவரை அடிச்சுக்கிட்டே இருங்க. முதல்ல நுரையா வரும், அப்புறம் குமிழி இல்லாம சுத்தமான டீசல் வரும். அப்போ ஸ்க்ரூவை மூடிட்டு, அடுத்து டீசல் பம்ப்ல இருக்கிற ஸ்க்ரூவுக்கு இதே மாதிரி செய்யுங்க. கடைசியா நாசிலுக்குப் போற பைப் நட்டுகளை அரைச் சுத்து இளக்கி, ஒருத்தர் செல்ஃப் அடிக்க, டீசல் கசிஞ்சதும் ஒவ்வொண்ணா இறுக்கணும். கை லீவர் தொளதொளன்னு இருந்தா பம்ப் கெட்டுப்போச்சுன்னு கழட்டிடாதீங்க. உள்ளே கேம் தூக்கின நிலையில் நின்னிருக்கும். என்ஜினை ஒரு சுத்து சுத்தி விட்டுட்டு அடிச்சுப் பாருங்க.

நாசில் பீச்சுறதுக்கு நேரா கையைக் காட்டவே காட்டாதீங்க. அந்த அழுத்தத்தில் வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே ஊசி குத்தின புள்ளி மாதிரிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி ஆயிட்டா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, டீசல் உள்ளே போயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க.

கேள்வி (தலைவாசல்): ஆயில் மாத்தி ஒரு மாசம்தான் ஆச்சு. அளவு குறையாம ஏறிக்கிட்டே போகுது. நல்லதுதானுங்களே?

பதில்: நல்லது இல்ல, வண்டியை இப்பவே நிறுத்துங்க. ஆயில் தானா ஏறாது. டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்க, டீசல் வாடை வரும். ஃபீட் பம்ப்ல இருக்கிற டயாஃப்ரம் கிழிஞ்சா டீசல் நேரா என்ஜின் அடியில் இருக்கிற ஆயில் சம்புக்குள்ள இறங்கிடும். சில வண்டியில் டீசல் பம்ப் ஷாஃப்ட் சீல் போனாலும் இப்படி ஆகும். நீர்த்த ஆயில்ல ஓட்டினா பேரிங் போயிடும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா அது வேற, தண்ணி கலந்திருக்கு. மாஸியில் உலர் லைனர் (தண்ணி நேரா படாத சிலிண்டர் உள்குழாய்), அதனால் ஹெட் கேஸ்கட் பக்கம் தேடணும். எச்.எம்.டி.யில் லைனரைச் சுத்தித் தண்ணி நிக்கும், அடியில் இருக்கிற ரப்பர் ரிங் போனாலும் தண்ணி ஆயிலுக்கு வந்துடும்.

கேள்வி (எடப்பாடி): பழைய வண்டியில் எது நல்ல வண்டிங்க?

பதில்: உங்க ஊர்ல எந்த வண்டிக்கு உதிரி கிடைக்குமோ, எதைக் கழட்டி மாட்டத் தெரிஞ்ச ஆள் இருக்காரோ, அந்த வண்டி.

கேள்வி (சங்ககிரி): வெயில் காலத்துல கொதிக்குது. மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டுட்டார். அப்படியும் கொதிக்குது.

பதில்: தண்ணி சூடாகிற வரைக்கும் ரேடியேட்டர் வழியை மூடி வெச்சிருக்கிறதுதான் அந்த வால்வு. அது மேல குத்தம் இல்லைன்னு இப்பவே தெரிஞ்சுடுச்சு பாருங்க. நம்ம பக்கம் போர் தண்ணி உப்புத் தண்ணி. எங்க 1035 நாலு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் கொதிச்சுது. மேல் ஹோஸைக் கழட்டி விரலை விட்டேன். முட்டை ஓடு பருமனுக்கு வெள்ளையாப் படிஞ்சிருந்தது, நகத்தால் சுரண்டினா தகடு தகடா வந்தது. என் மகள் ஒரு துண்டை எடுத்து டம்ளர்ல போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சா. பொஸுபொஸுன்னு நுரைச்சுது. “அப்பா, இது சுண்ணாம்புதானே”ன்னா. அந்தச் சுண்ணாம்பு என்ஜின் பிளாக் உள்ளேயும் இப்படியே ஒட்டியிருக்கும். சூடு தண்ணிக்குப் போகவே விடாது.

ரேடியேட்டரைக் கழட்டிப் பட்டறையில் கொடுத்துக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. பிளாக்கை எதிர்த்திசையில் தண்ணி விட்டு அலசுங்க. கக்கூஸ் கழுவுற ஆசிட்டை ஊத்தாதீங்க, ரேடியேட்டர் பற்றவைப்பை அது தின்னுடும். அதுக்கப்புறம் கூலண்ட் கலந்த நல்ல தண்ணி மட்டும். எங்க வீட்டில் மொட்டை மாடி மழைத்தண்ணியை ரெண்டு கேன்ல பிடிச்சு வெச்சிருக்கோம். என் மனைவி அதில் வேற யாரையும் கை வைக்க விடமாட்டாங்க. கழட்டின வால்வைத் திரும்பப் போடுங்க.

கேள்வி (ஆத்தூர், பட்டறை வெச்சிருப்பவர்): வால்வைத் திரும்பப் போடச் சொல்றீங்களே அண்ணா. நான் முப்பது வருஷமா கழட்டிப் போடுறேன், ஒரு வண்டியும் பிஸ்டன் இறுகி சீஸ் ஆனதில்ல. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?

பதில்: தம்பி, உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா இதில் ஒத்துக்க மாட்டேன். டீசல் என்ஜினுக்கு வெயில் ஒரு சூடே இல்ல. அந்த வால்வு தண்ணி 80 டிகிரியைத் தாண்டுற பக்கம்தான் திறக்க ஆரம்பிக்கும். நம்ம கத்திரி வெயில் அதில் பாதி. வால்வு இல்லாத என்ஜின் பாதி நாள் சூடேறாம பச்சையாவே ஓடும். டீசல் முழுசா எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு இறங்கும். பிஸ்டன் ரிங் தேயும், ஆயில் கசடாகும். வண்டி சீஸ் ஆகாதுதான். பத்து வருஷம் தாங்க வேண்டிய ரிங் அஞ்சுல போகும், ஆனா அது வால்வால வந்ததுன்னு யாரும் கணக்குப் போட மாட்டாங்க. இன்னொண்ணு, சில என்ஜின்ல வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டினா கொஞ்சம் தண்ணி ரேடியேட்டருக்கே போகாம சுத்தி வந்துடும். அங்கே கழட்டினதாலேயே சூடு கூடும்.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டம்): நீங்க சொன்னதும்தான் புரியுதுங்க. எங்க வண்டியில் வால்வு இல்ல. மார்கழியில் பத்து மணி வரைக்கும் சூடு காட்டுற முள் ஏறவே ஏறாது, வெள்ளைப் புகை நிக்காது.

பதில்: அதேதான். உங்களுக்கு இன்னொரு சங்கதி. 1500 மீட்டர் உயரத்துல மூடாத பாத்திரத்துத் தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சுடும். அதனால் ரேடியேட்டர் மூடியோட ரப்பரும் ஸ்பிரிங்கும் உங்களுக்கு ரொம்ப முக்கியம். மூடி அழுத்தத்தைப் பிடிச்சாத்தான் கொதிநிலை மேல போகும். துணியைச் சுத்தி மூடுறது, மூடியே இல்லாம ஓட்டுறது ரெண்டும் வேண்டாம். காலையில் கிளம்ப மாட்டேங்குதுன்னு ஏர் கிளீனர் வாயில் எரியற துணியைக் காட்டறாங்களாம், அதையும் நிறுத்துங்க.

கீழே இறங்கும்போது ரெண்டு பிரேக் பெடலையும் (பின் வீல் ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு) கொக்கி போட்டுச் சேர்த்துப் பூட்டுங்க. 1994-ல் என் சித்தப்பா சில்வர் ஓக் லோடோட குப்பனூர் வழியா இறங்கினார். காட்டுக்குள்ள திருப்பறதுக்காகக் கொக்கியை எடுத்தவர் திரும்பப் போடல. வளைவுல வலது பெடல் மட்டும் கால்ல பட்டது. வண்டி ஒரு பக்கமா இழுத்து டிரெய்லர் மலைப்பக்கம் சாஞ்சுது. இடுப்பெலும்பு உடைஞ்சதோட போச்சு. அந்தப் பக்கம் சாஞ்சிருந்தா அவர் இல்ல. ஏற எந்த கியர் போட்டீங்களோ அதே கியர்ல இறங்குங்க. நடுவுல கிளட்ச் மிதிக்காதீங்க, நியூட்ரல் போடாதீங்க.

கேள்வி (மறுபடி ஆத்தூர்): சரிங்கண்ணா, வால்வு மூடின நிலையிலேயே மாட்டிக்கிட்டா? உழவு நடுவுல ஹெட் வளைஞ்சுடுமே. அதுக்குப் பயந்துதானே கழட்டுறோம்.

பதில்: இது நியாயமான பயம். அப்படி ஆன ஹெட்டை நானும் பார்த்திருக்கேன். அதுக்கு வழி சோதனை. வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரை உழவுக்கு முன்னாடி, வால்வைக் கழட்டி நூல்ல கட்டி ஒரு சட்டித் தண்ணியில் தொங்க விட்டு அடுப்புல வைங்க. பாத்திரத்தில் படாம தொங்கணும். தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே வாய் திறக்கணும், ஆறினதும் மூடணும். ஒண்ணு தப்பினாலும் புதுசு போடுங்க. ஹெட் பாலிஷ் போடுற கூலியில் சின்னப் பங்குதான் அந்த வால்வு விலை.

கேள்வி (நங்கவள்ளி): எங்க ஐச்சர் பழைய ஒத்தை சிலிண்டர். தெர்மோஸ்டாட் எங்கே இருக்கு?

பதில்: அதுக்குத் தண்ணியே கிடையாதுங்க, காத்துலதான் ஆறும். சிலிண்டரைச் சுத்தி இருக்கிற தகடுகளுக்கு நடுவுல வைக்கோலும் எண்ணெய் அழுக்கும் அடைக்காம பாத்துக்குங்க.

கேள்வி (தாரமங்கலம்): தெர்மோஸ்டாட் தேவையா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லுங்க.

பதில்: தேவை. மேல இருக்கிறதைப் படிங்க.

கேள்வி (காடையாம்பட்டி): கறுப்புப் புகை வருது. எது நல்ல வண்டின்னும் சொல்லுங்க.

பதில்: வண்டிக் கேள்விக்கு எடப்பாடிக்காரருக்குச் சொன்னதுதான். புகைக்கு முதல்ல ஏர் கிளீனரைப் பாருங்க. அடியில் இருக்கிற ஆயில் சட்டியில் சேறு எவ்வளவு, ஆயில் எவ்வளவுன்னு பாருங்க. கறுப்புன்னா காத்து பத்தல, இல்லேன்னா டீசல் கூட. நீலம்னா ஆயில் எரியுது.

கேள்வி (பெத்தநாயக்கன்பாளையம்): எச்.எம்.டி. கம்பெனியே இல்லையாமே. எங்க வண்டியை இரும்புக்குப் போட்டுடலாமா?

பதில்: டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவு பண்ணிடுச்சு, உண்மைதான். 1971-ல் செக் நாட்டு ஜீட்டரோட சேர்ந்து ஆரம்பிச்சது. ஆனா வண்டி நல்லா இருந்தா ஏன் உடைக்கணும்? ஒரு உதிரியையும் தூக்கிப் போடாதீங்க. தேஞ்ச புஷ், முறிஞ்ச பின், எல்லாத்தையும் கிரீஸ் தடவி பேப்பர்ல சுத்திப் பெட்டியில் வைங்க. லேத்துக்காரருக்கு அதுதான் அளவு. எங்க பெட்டியில் ஒவ்வொரு பொட்டலத்து மேலயும் என் தம்பி கையெழுத்துல தேதி இருக்கு. எங்க 2511 ஓடுறதே அந்தப் பெட்டியை வெச்சுத்தான்.

கேள்வி (வீரபாண்டி): ஆர்.சி. 15 வருஷம் முடிஞ்சுது.

பதில்: ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): பையனுக்கு 12 வயசு. வண்டி மேல உசுரு. ஓட்டப் பழக்கட்டுமா?

பதில்: வேண்டாம். 18 வயசுல லைசென்ஸ் எடுக்கட்டும். மட்கார்டு மேல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறதும் வேண்டாம், ஒரு குழியில் தூக்கிப் போட்டா பெரிய வீலுக்கு அடியில்தான் விழுவான். ஓடுற பிடிஓ ஷாஃப்ட் கிட்ட அவன் மட்டும் இல்ல, வேட்டியும் துண்டுமா நீங்களும் போகாதீங்க. நிமிஷத்துக்கு 540 சுத்து. ஆனா ஆசையை அணைக்காதீங்க. நின்ன வண்டியில் எத்தனையோ வேலை இருக்கு. கிரீஸ் நிப்பிள் எத்தனைன்னு எண்ணித் துடைச்சு கிரீஸ் அடிக்கட்டும். ஆயில் அளவு பார்த்து நோட்டுல எழுதட்டும். என் மகள் ஒன்பது வயசுல நோட்டு எழுத ஆரம்பிச்சா. இன்னைக்கு என்ஜின் ஹெட்டில் இருக்கிற வால்வுகளுக்கு கிளியரன்ஸ் (இடைவெளி) வைக்க எனக்குக் கண் பத்தாது, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் அவ கையில்தான்.

ரோட்டுக்குப் போகும்போது ரெண்டு பெடலுக்கும் கொக்கி போட்டிருக்கான்னு பார்க்கிற பொறுப்பையும் அவன்கிட்ட கொடுங்க.

கேள்வி (கருமந்துறை): அண்ணா, அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவர் 1035 அன்னையிலிருந்து புளியமரத்தடியில் நிக்குது. விக்க அம்மாவுக்கு மனசில்ல. நானும் அம்மாவும் கிளப்பப் பார்க்கலாமா? இழுத்துக் கிளப்பினா வந்துடும்னு பக்கத்துத் தோட்டத்தில் சொல்றாங்க.

பதில்: தாராளமாப் பாருங்கம்மா. ஆனா இழுக்க விடாதீங்க. ரிங் ஒட்டியிருந்தா இழுக்கிற வேகத்தில் உள்ளே முறியும். செல்ஃபும் இப்ப வேண்டாம்.

ஏர் கிளீனரையும் சைலன்சரையும் கழட்டிப் பாருங்க, எலிக்கூடு, குளவிக்கூடு இருக்கும். டேங்க்ல இருக்கிற பழைய டீசலை முழுசா இறக்குங்க, அடியில் தண்ணி நிக்கும். ஆயில் மாத்துங்க. மூணு நாசிலையும் கழட்டி, எது எந்த சிலிண்டர்னு துணியில் கட்டி வைங்க. ஒவ்வொரு ஓட்டை வழியாவும் டீசலும் என்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து ரெண்டு ஸ்பூன் விடுங்க. துணியால் மூடி நாலு நாள் விடுங்க. அவசரம் வேண்டாம்.

நாசிலை நல்ல பட்டறையில் சோதிச்சு வாங்கி மாட்டுற வரைக்கும் கிளப்பப் போறதில்லதானே. ஆனா கிளப்புற அன்னைக்கு என்ஜினை நிறுத்துற ஸ்டாப் கம்பி இழுபடுதான்னு முன்னாடியே பாருங்க. ஆறு வருஷம் நின்ன பம்ப் உள்ளே ஒட்டிக்கிட்டா வண்டி தானா வேகம் எடுத்து நிக்காமப் போகும். அம்மா கையில் ஒரு பலகையைக் கொடுத்து என்ஜின் காத்து இழுக்கிற வாய்கிட்ட நிக்கச் சொல்லுங்க. வேகம் எடுத்தா வாயைப் பலகையால அடைக்கணும், கையால இல்ல.

இப்போதைக்கு இவ்வளவு போதும். அஞ்சாம் நாள் கியர் நியூட்ரல்ல இருக்கான்னு பாத்துட்டு, முன்னாடி கிராங்க் புல்லி நட்டுல நீளமான ஸ்பேனர் போட்டு மெதுவா அழுத்துங்க. அசையலேன்னா மேல ஏறி மிதிக்காதீங்க, இன்னும் நாலு நாள் ஊறட்டும். முழுசா ரெண்டு சுத்து வந்துடுச்சுன்னா எனக்கு எழுதுங்க, அடுத்ததை அப்போ சொல்றேன்.