எட்டு நாள் மிதிக்கப் போகிறவர்களுக்கு: சில கேள்விகள், என் பதில்கள்

டிசம்பர் நெருங்கினால் டூர் ஆஃப் நீலகிரிஸ் என்ற சைக்கிள் பயணம் பற்றிய கேள்விகள் வந்து குவியும். 2008இல் தொடங்கிய நிகழ்வு. எட்டு நாள், எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். தடம் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் ஊட்டி அதன் உயிர். முழுத் தூரமும் பந்தயம் கிடையாது. குறிப்பிட்ட சில பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கெடுப்பார்கள், மற்ற தூரத்தை அவரவர் வேகத்தில் ஓட்டலாம். மூன்று முறை முடித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஒரே நாளில் 200 கி.மீ. ஓட்டியிருக்கேன். எட்டு நாள் தாங்குவேனா? (ஈரோடு)

தாங்குவீர்கள் தம்பி. ஆனால் அந்த 200 வேறு, இது வேறு. அன்று ராத்திரி சோர்ந்து படுத்து, மறுநாள் முழுக்க ஓய்வெடுத்திருப்பீர்கள். இங்கே மறுநாள் காலையில் அதே காலோடு திரும்ப ஏற வேண்டும். அதனால் நீளமான ஒற்றைப் பயணத்தைவிட, அடுத்தடுத்த நாள் ஓட்டிப் பழகுவதுதான் முக்கியம். சனி 100, ஞாயிறு 80, முடிந்தால் திங்கள் விடியலில் ஒரு 30. ஞாயிற்றுக்கிழமை முதல் அரைமணி நேரம் கால் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். உங்கள் தயார்நிலையை அதுதான் சொல்லும்.

என் முதல் ஆண்டு அனுபவம் இது. முதல் நாள் சமதளத்தில் வேகமான கும்பலோடு ஒட்டிக்கொண்டு பறந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதை வந்த அன்று பன்னிரண்டாவது வளைவில் இறங்கித் தள்ளினேன். மூச்சு நன்றாகத்தான் இருந்தது, தொடையில்தான் ஒன்றும் மிச்சமில்லை. முதல் இரண்டு நாள் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். உங்களை முந்திப் போகிறவர்களில் பாதிப்பேரை ஐந்தாம் நாள் பார்ப்பீர்கள்.

கல்லட்டிக்கு என்ன கியர் வேணும்? என் வண்டியில முன்னாடி பல்சக்கரம் 34 பல், பின்னாடி இருக்கறதுல பெரிசு 28 பல். (கோவை)

மசினகுடிப் பக்கமிருந்து ஊட்டிக்கு ஏறும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகளை அதில் இறங்கவே விடுவதில்லை என்றால் செங்குத்து எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீங்கள் 70 கிலோ, வண்டியும் தண்ணீரும் 10 கிலோ என்று வைப்போம். பத்து சதவீத ஏற்றம். 34-க்கு 28 கியரில், மிதி நிமிடத்துக்கு 60 சுற்றுக்குக் குறையக் கூடாதென்றால் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் போயாக வேண்டும். அதற்குப் புவியீர்ப்புக்கு மட்டுமே 200 வாட் கொடுக்க வேண்டும். பின்னால் 34 பல் போட்டால் அதே 60 சுற்றுக்கு ஏழரை கி.மீ. வேகம், 165 வாட் போதும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஏறும்போது அந்த 35 வாட்தான் மிதிப்பதா தள்ளுவதா என்பதைத் தீர்மானிக்கும். மாற்றிவிடுங்கள். உங்கள் டிரேலியர் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னையில மலையே இல்லையே, எங்க பழகறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்று வீசுகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். கனமான கியரில் உட்கார்ந்தபடியே இருபது நிமிடம், பத்து நிமிட இடைவெளி, மறுபடி இருபது. மாதம் ஒருமுறை ஏலகிரி: 14 வளைவுதான், இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கலாம். நேரம் கிடைத்தால் ஏற்காடு. கொல்லிமலையின் 70 வளைவையும் ஒருமுறை ஏறிவிட்டால் கல்லட்டி பற்றிய பயம் பாதி போய்விடும்.

ஜெல் பாக்கெட் எல்லாம் விலை கட்டுபடியாகல. இட்லி சாப்பிட்டு ஓட்ட முடியாதா? (மதுரை)

தாராளமாக முடியும். ஜெல் என்பது ஓட்டும்போது விழுங்கும் சர்க்கரைக் கூழ்தான். உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து 400, 500 கிராம்தான். கடினமாக ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் தீரத் தொடங்கும். தீர்ந்த பிறகு சாப்பிட்டால் அன்றைக்கு எழுந்திருக்க முடியாது. மணிக்கு 60 கிராம் உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும், ஒரு இட்லியில் பத்து கிராம் போல. முக்கால் லிட்டர் பாட்டிலில் 40 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. இதுதான் என் ஜெல், மூன்று முறையும் இதைத்தான் குடித்தேன். கடலை மிட்டாய் எனக்கு உயிர். ஆனாலும் அதைச் சமதளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கொழுப்பு செரிக்காமல் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். அங்கே பேரீச்சை நல்லது.

வண்டியை நிறுத்திய அரைமணிக்குள் சோறோ பொங்கலோ, கூடவே முட்டை அல்லது தயிர். குளித்துவிட்டு, போன் பேசிவிட்டு, அப்புறம் சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டால் மறுநாள் காலையில் கால் கனக்கும்.

அடுத்தவர் பின்னால ஒட்டிப் போறது ஏமாத்து இல்லையா?

இல்லவே இல்லை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருகிறவருக்குக் கால்வாசி, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். முறைவைத்து நீங்களும் முன்னால் போய்க் காற்றைத் தாங்கினால் அது நட்பு. நம் சாலையில் குழி, வேகத்தடை, மாடு எல்லாம் உண்டு. முன்னால் இருப்பவர் கத்திச் சொல்லியே ஆகவேண்டும். உங்கள் முன்சக்கரம் அவர் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் சேர்ந்து நிற்கவே கூடாது. அவர் லேசாக ஒதுங்கினாலும் விழுவது நீங்கள்தான்.

தினமும் தோத்தாலும் மொத்தத்துல ஜெயிக்கலாம்னு சொல்றாங்களே, எப்படி? (திருச்சி)

முழுநீளப் பல்நாள் பந்தயங்களில் எல்லா நாள் நேரத்தையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். ஒரு கும்பல் சேர்ந்தே கோட்டைத் தாண்டினால் அதிலிருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரம். அதனால் அன்றைய முதலிடம் வராமலே மொத்தத்தில் முன்னால் நிற்கலாம். 1989 டூர் டி பிரான்ஸில் மூன்று வாரம் ஓட்டிய பிறகு கிரெக் லெமாண்ட், லாரன் ஃபிஞோனைவிட எட்டே நொடிதான் குறைவு.

மேடம், உட்காரும் இடத்தில் புண் வந்தால்? இதை யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை.

வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதியில் விட்டுப்போகிறவர்கள் பலரின் காரணம் இதுதான். உட்காரும் இடத்தில் மெத்தை (பேட்) வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம், தையல் அறுத்துவிடும். தினமும் துவைத்த ஷார்ட்ஸ். மலையில் துணி காயாது என்பதால் குறைந்தது மூன்று. ஓட்டி முடித்ததும் முதலில் அதைக் கழற்றிக் கழுவிக்கொள்ளுங்கள். மாதவிடாய் அந்த வாரத்தில் வருமென்றால் கப் பயன்படுத்த இரண்டு மாதம் முன்பே பழகுங்கள். கடைசி மாதத்தில் மட்டும் புதுச் சீட்டுக்கு மாறாதீர்கள்.

இறக்கம்தான் எனக்குப் பயம். (நாகர்கோவில்)

பயம் இருக்கட்டும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கரம் சூடேறும், சக்கர வளையத்தையே பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் டியூபே வெடிக்கலாம். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டுத் திரும்புங்கள். ஊட்டியில் டிசம்பர் விடியலில் உறைபனி இருக்கும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க வராது. முழுக்கையுறை கட்டாயம். இறங்கும் முன் ஜெர்சிக்குள் ஒரு செய்தித்தாளை மடித்து நெஞ்சில் வையுங்கள்.

முதுமலையில யானை வந்தா என்ன செய்யறது?

பந்திப்பூர், முதுமலைச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திறந்தவுடன் முதல் ஆளாகத் தனியே உள்ளே போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். பின்னால் வரும் வண்டிகளையும் கையைக் காட்டி நிறுத்துங்கள். அது சாலையைத் தாண்டிப் போன பிறகும், பின்னால் குட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு மிதியுங்கள்.