ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு கோயில்: இது தப்பா அக்கா?

"அன்புள்ள அக்கா, எனக்கு 27 வயது. ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். வேலைக்காகச் சென்னை வந்து ஒரு வருஷம் ஆகிறது. நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் வேறு வேறு சபைக்குப் போய்ப் பார்க்கிறேன். பெந்தெகொஸ்தே ஆராதனையில் என்னை அறியாமல் அழுதுவிட்டேன். கத்தோலிக்கத் திருப்பலியின் அமைதி பிடித்திருந்தது. லுத்தரன் கோயில் எங்கள் ஊர்க் கோயில் மாதிரியே இருந்தது. இப்போது எங்கள் சபைக்குப் போனால், புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பது போலத் தோன்றுகிறது. அம்மாவிடம் சொன்னேன். 'கோயில் மாறிக் கோயில் திரியாதே, ஒரே இடத்துல நட்ட செடிதான் வேர் பிடிக்கும்' என்று போனிலேயே அழுதார். நான் செய்வது தப்பா? எங்கே நிலைத்திருப்பது?" – பெயர் வேண்டாம், சென்னை.

அன்புத் தங்கைக்கு,

தப்பில்லை. நீங்கள் வளர்ந்த சபையே அப்படிப் பிறந்ததுதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனி வழியில் வந்தவர்கள் ஒன்றாகி உண்டானதுதான் சி.எஸ்.ஐ. ஒவ்வொருவரும் மற்றவர் எப்படி ஜெபிக்கிறார் என்று உட்கார்ந்து கேட்காமல் அது நடந்திருக்காது. அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில் ஆயர் தொடங்கி, கைக்குள் கை வைத்துச் சமாதானம் கொடுப்போமே, அது கேரளத்துச் சிரியன் சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம். ஊரில் பக்கத்து வரிசைப் பாட்டி உங்கள் கையைப் பொத்திப் பிடிக்கும்போதெல்லாம், இன்னொரு சபையின் வழிபாட்டில்தான் நீங்களும் நின்றிருக்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் ஒப்பிடும் விதம் எனக்கு உறுத்துகிறது. ஒரே ஒரு ஞாயிறு போய், அன்று மனதுக்கு என்ன தோன்றியதோ அதை வைத்து மூன்று சபைகளை நிறுத்துப் பார்த்துவிட்டீர்கள். கத்தோலிக்கத் திருப்பலியின் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருபவை. தவக்காலம், புனித வாரம், பாஸ்கா என்று வருஷம் முழுவதும் ஏறி இறங்கும் வழிபாட்டில் நீங்கள் பார்த்தது ஒரு படி. பெந்தெகொஸ்தே ஆராதனையைக் கட்டுப்பாடற்றது என்று நினைக்க வேண்டாம். தொடர்ந்து நாலு வாரம் போனால் அங்கேயும் எழுதாத ஒழுங்கு ஒன்று தென்படும். கைதட்டிப் பாடும் பாட்டு மெல்ல அடங்கும். கீபோர்டு மட்டும் தாழ ஒலிக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பார்கள். பிறகு சாட்சி, செய்தி, வியாதிக்காரர்களுக்காக ஜெபம். நீங்கள் அழுதது பொய்யில்லை. ஆனால் அந்தச் சபையை அறிய அந்த அழுகை போதாது.

லுத்தரன் கோயில் வீடு போலிருந்ததில் ஆச்சரியமில்லை. பாமாலை, கீர்த்தனை என்று நாம் பாடும் பாட்டுகள் இரண்டு சபைக்கும் பொதுச் சொத்து. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுக்கு யார் வேலி போட முடியும்?

"ஒப்பிப்பது போல" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். உங்கள் வயதில் நானும் அதையே சொன்னவள். பிறகு அப்பா இறந்தார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறேன், ஜெபிக்க ஒரு சொல் வரவில்லை. சபை ஐயர், அதாவது எங்கள் போதகர், புத்தகத்தைத் திறந்து, "ஆண்டவரே, தேவரீர் தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமானவர்" என்று 90ஆம் சங்கீதத்தைத் தொடங்கினார். சுற்றி நின்றவர்கள் சேர்ந்து சொன்னார்கள். என் உதடும் தானாக அசைந்தது. சிறு வயதிலிருந்து ஒப்பித்து ஒப்பித்து உள்ளே போயிருந்த வரி, நான் வெறுமையாக நின்ற அன்று எனக்காகப் பேசியது.

பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேறு அனுபவம். அவர் மகன் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாட்களில், சபைப் பெண்கள் தினமும் சாயங்காலம் வந்து, பாயை விரித்து உட்கார்ந்து, அந்தப் பையன் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபித்தார்கள். எங்கள் சபையில் அவருக்கு அது கிடைத்திருக்குமா என்று யோசித்தேன். கிடைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். உங்களை இழுக்கும் ஒரே ஒரு சபையை எடுத்து, ஆறு மாதம் விடாமல் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கிறவளாக வேண்டாம். அவர்கள் எழும்போது எழுங்கள், பாடும்போது பாடுங்கள். ஒரு துக்க வீட்டுக்கும் அவர்களோடு போங்கள். மனசு வறண்டு கிடக்கும் ஞாயிறு ஒன்று கட்டாயம் வரும். அன்றைக்கு அந்த வழிபாடு உங்களைத் தாங்குகிறதா என்று பாருங்கள். மரியாதைக்காக ஒன்று: கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை (நம் திருவிருந்து) வாங்கும் வரிசையில் போக வேண்டாம், இடத்திலேயே இருங்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கே திருவிருந்து. பாஸ்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயம் வழிபாட்டு முறையைப் பற்றியதில்லை என்று நினைக்கிறேன். நாலு ஞாயிறு நீங்கள் வராவிட்டால் 'பிள்ளைக்கு என்ன ஆச்சு' என்று கேட்கச் சென்னையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அவர் கவலை. நியாயமான கவலை. ஊர்ச் சபையில் உங்கள் சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் சந்தா) பாக்கி விழாமல் கட்டுங்கள், சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குப் போய் வாருங்கள். முடிந்தால் அம்மாவைச் சென்னைக்கு அழைத்து, ஒரு ஞாயிறு உங்களோடு திருப்பலிக்குக் கூட்டிப் போங்கள். நாம் "பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே" என்பதை அங்கே "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று சொல்வார்கள். தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்டதோடு சபை நிறுத்திவிடும். நடுவில் குருவானவர் ஒரு ஜெபம் சொன்ன பிறகே கடைசிப் புகழ்வரி வரும். அம்மா பழக்கத்தில் "ராஜ்யமும் வல்லமையும்" என்று தனியாகத் தொடர்ந்துவிடுவார். அப்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா