ஊருக்கு வந்த இடத்திலும் ஓட வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து மூன்று வார லீவில் காரைநகருக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். வயது 41. ஒக்டோபரில் அரை மரதன் ஓடப் பதிந்திருக்கிறேன். அங்கே வாரத்தில் நான்கு நாள், மொத்தம் 40 கிலோமீற்றர் ஓடுவேன். இங்கே கசூரினா கடற்கரை பக்கத்தில்தானே என்று மூன்று நாள் தொடர்ந்து மணலில் ஓடினேன். இப்போது கெண்டைக்கால் இறுகிக் கிடக்கிறது. வழமையான வேகமும் வரவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. "லீவுக்கு வந்த இடத்தில என்ன ஓட்டம், பேசாமல் இரு" என்று அம்மா பேசுகிறா. நிறுத்திவிடவா?
(ஒரு வாசகி, காரைநகர்)

பதில்: நிறுத்தவே வேண்டாம். ஆனால் மணலை விட்டு றோட்டுக்கு வாருங்கள், அதுவும் இரண்டு மூன்று நாள் காலுக்கு ஓய்வு கொடுத்த பிறகு.

அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். இறுக்கம் இரண்டு காலிலும் ஒரேமாதிரி இருந்தால் அது பெரும்பாலும் மணல் செய்த வேலைதான். ஒரு காலில் மட்டும் வலி, வீக்கம், தொட்டால் சூடு என்று இருந்தால் ஓட்டத்தை மறந்துவிட்டு இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். அவ்வளவு நேரம் விமானத்தில் காலை மடக்கி இருந்து வந்தவர்களுக்குக் கால் நாளத்தில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து எண்ணெய் பூசி உருவிக்கொண்டிருக்கக் கூடாது.

சரி, மணலுக்கு வருவோம். மெத்தென்று இருக்கிறது, முழங்காலுக்கு நல்லது என்றுதான் எல்லோரும் மணலில் இறங்குகிறார்கள். காய்ந்த மணலில் குதி புதைந்துபோகும், நீங்கள் உந்துகிற உந்தலில் ஒரு பங்கு மணலைத் தள்ளுவதிலேயே போய்விடும். உறுதியான தரையைவிட மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி வேண்டும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதாவது 5 கிலோமீற்றர் ஓடினேன் என்று நீங்கள் எழுதி வைத்தது, உங்கள் நெஞ்சுக்கு 8 கிலோமீற்றர். மூன்று நாள் தொடர்ந்து அப்படி ஓடினால் கெண்டைக்கால் என்ன செய்யும்? அலை நனைத்த ஈர மணல் இறுக்கமாக இருக்கும்தான், ஆனால் கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும், போன வழியே திரும்பி வந்தால்தான் இரண்டுக்கும் சமமாகும். கால் சரியான பிறகு வாரத்தில் ஒரு நாள், ஈர மணலில், 15 நிமிடம், அதுவும் சப்பாத்தோடு. உடைந்த போத்தலும் தூண்டில் முள்ளும் மணலுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கசூரினாவை நான் வேறொன்றுக்கு விரும்புகிறேன். அங்கே கடல் வெகுதூரம் ஆழமில்லாமல், அலை அடங்கி இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் முழங்காலைத் தூக்கித் தூக்கி 20 நிமிடம் நடந்து பாருங்கள், உடம்புக்கு வேலையும் கிடைக்கும், காலில் அடியும் விழாது. இந்த ஓய்வு நாட்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தனியாக மட்டும் இறங்க வேண்டாம்.

வேகம் வராததற்கும் நெஞ்சு அடிப்பதற்கும் மணல் மட்டும் காரணமில்லை. வெக்கையில் ஓடும்போது உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும், இதயம் இரட்டை வேலை பார்க்கிறது. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வையும் லேசில் காயாது. உடம்பு இதற்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும், அப்புறம் நேரத்தோடு வியர்க்கத் தொடங்கும், அதே ஓட்டத்துக்கு நெஞ்சு அடிப்பதும் குறையும். அதுவரை கைக்கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள். கிலோமீற்றரை விட்டு நிமிடத்தைக் கணக்கெடுங்கள், பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தால் அவரோடு வசனம் வசனமாகக் கதைக்க முடிகிற வேகத்தில் ஓடுங்கள். கிலோமீற்றருக்கு 30 விநாடி கூடப் போனாலும் அது பின்னடைவு இல்லை. தலை சுற்றினால், வெயிலில் உடம்பு குளிர்ந்து புல்லரித்தால், அந்த இடத்திலேயே நின்று நிழலுக்குப் போய்த் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

நேரம் விடியற்காலைதான். ஆடி மாதத்தில் இங்கே சூரியன் 6 மணியளவில் எழும்பும், 5.40க்கே வெளிச்சம் வந்துவிடும், 7 மணிக்கு முன் வீட்டில் நிற்கப் பாருங்கள். வழி என்று கேட்டால் காரைநகரைப் பொன்னாலையோடு இணைக்கிற பொன்னாலைப் பாலத்தைச் சொல்வேன். இரண்டு பக்கமும் கடல், ஏற்ற இறக்கம் என்று ஒன்றுமில்லை. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற காலமென்பதால் பொன்னாலைப் பக்கம் போகும்போது காற்று முதுகில் இருக்கும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். கஷ்டம்தான், ஆனாலும் அது நல்லதுதான். காற்றோடு ஓடும்போது உடம்பைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்பதுபோல் ஆகிவிடும், சூடு கூடும், அதைக் குளிரான நேரத்திலேயே முடித்துவிடுகிறீர்கள். வெயில் ஏறத் தொடங்கும்போது எதிர்காற்று வியர்வையைக் காயவைக்கும். நிழல் கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். இன்னொன்று, கனடாவில் வாகனத்தைப் பார்த்து ஓட இடப்பக்கம் பழகியிருப்பீர்கள். இங்கே வாகனம் இடப்பக்கம் போவதால் நீங்கள் வலப்பக்கக் கரையில் ஓட வேண்டும். அரைத் தூக்கத்தில் வெளிக்கிடும்போது இது மாறிப்போகும், கவனம்.

வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். ஒன்று 40 நிமிடம் ஆறுதலாக. ஒன்று இடையில் இரண்டு நிமிட வேகத்தை ஆறு தடவை வைத்து. ஞாயிறு நீண்ட ஓட்டம், 75 முதல் 90 நிமிடம், வீட்டுப் படலையைக் கடந்து போகிற மாதிரி வட்டமாக ஓடினால் தண்ணீர் குடிக்க வசதி. தூரம் குறைந்தாலும் அந்த ஒரு வேக ஓட்டத்தை விடாவிட்டால் மூன்று வாரத்தில் கட்டியது இடிந்துபோகாது.

வெளிக்கிட முன் ஒரு பனங்கட்டித் துண்டும் பிளேன்ரீயும். வந்த பிறகு இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் கூட, வியர்வையில் போன உப்பை அது முழுதாகத் தராது. உப்புப் போட்ட மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ கூடவே வேண்டும். ஓட முன்னும் பின்னும் நிறை பார்த்தால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர். அதற்குமேல் அள்ளிக் குடிப்பதும் ஆபத்து.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். எத்தனை மணிக்குத் திரும்புவேன், எந்த வழியால் போகிறேன் என்று முதல்நாள் இரவே சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து அவவோடு இருந்து புட்டுச் சாப்பிடுங்கள். மகள் இருட்டோடு தனியப் போகிறாளே என்கிற பயம்தான் பேச்சாக வருகிறது.

கேள்வி: யாழ்ப்பாண நகரத்தில் இருக்கிறேன். காலையில் முடியாது, வேலை முடிந்து பண்ணைக் கடற்கரைப் பக்கம் ஓடலாமா?
(ஒரு வாசகர்)

பதில்: தாராளமாக. 5.30க்கு முன் போகாதீர்கள், தார் அதுவரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மாலையில் நடக்க வருகிற சனமும் பிள்ளைகளும் கூட இருப்பதால் அன்றைக்கு வேக ஓட்டம் சரிவராது, ஆறுதலாக ஓடுங்கள். இருட்டினால் வெளிர்நிற உடுப்பு.

கேள்வி: ஒழுங்கைகளில் நாய்கள் துரத்துகின்றன. என்ன செய்வது?
(ஒரு மாணவி, சுன்னாகம்)

பதில்: ஓடினால் துரத்தும். நின்றுவிடுங்கள், கண்ணுக்குள் பார்க்காமல் மெதுவாக நடந்து அதன் எல்லையைக் கடந்து போங்கள். கல் எடுப்பதுபோலக் குனிந்தாலே பெரும்பாலான நாய்கள் பின்வாங்கும். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், காயம் சின்னது, தெரிந்த வீட்டு நாய் என்று விட்டுவிடாமல் அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.