தக்காளி நாத்து வேர்ல ஓடுற வெள்ளைப் பூச்சி
நாத்து வளராம நிக்குது, பிடுங்கினா வேர் மொட்டையா இருக்கு, மண்ணுல வெள்ளையா ஏதோ ஓடுதுன்னு சொன்னீங்கல்ல, மருந்து வாங்குறதுக்கு முன்னாடி அது என்னன்னு பாருங்க ப்ளீஸ். துள்ளிக் குதிச்சா ஸ்பிரிங்டெயில்ங்கிற குட்டி மண் உயிரி, பெரும்பாலும் மக்குனதத்தான் திங்கும், விட்டுடுங்க. குதிக்காம வெளிச்சம் பட்டதும் வேகமா ஓடி ஒளிஞ்சா சிம்ஃபிலனா (பூரான் மாதிரி இருக்கிற குட்டி வெள்ளை உயிரி) இருக்கலாம், வளந்ததுக்கு 12 ஜோடி கால், நுனிவேரையெல்லாம் கடிச்சிடும். உருளைக்கிழங்க வெட்டி, வெட்டுன பக்கம் ஈரமண்ணுல படுற மாதிரி வச்சு மூடிட்டு ரெண்டு நாள்ல தூக்கிப் பாருங்க, இருந்தா அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். மேல ஸ்ப்ரே பண்றது வேஸ்ட், சிம்ஃபிலன் ஆழத்துக்கு இறங்கிடும். அதுக்கு சொந்தமா வளை தோண்டத் தெரியாது, மண்ணுல இருக்கிற இடுக்கு வழியாத்தான் போகும், அதனால நடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி மண்ண நல்லா பொடியா கிளறுங்க, நிறைய நசுங்கிடும். அப்புறம் நேரா விதைக்காம வேர் நல்லா பிடிச்ச பெரிய நாத்தா நடுங்க.