கோயிலுக்குப் போயும் மனசு ஒட்டவில்லை. நன்றியும் நம்பிக்கையும் எங்கிருந்து வரும்?

சாமி கும்பிட்டாலும் வெறுமையாக இருக்கிறது, நன்றி சொல்ல எதுவுமே இல்லாத மாதிரி தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சேலத்தில்தானே இருக்கிறீர்கள்? ஆடியில் மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது, கூழ் ஊற்றும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, விடியுமுன் நொய் போட்டுக் காய்ச்சி, மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். வரிசையில் நிற்பவர் யார், எந்த ஊர் என்று விசாரிப்பதில்லை. சொம்பு நீட்டும் சிறுவனிடம் "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா கண்ணு?" என்று கேட்பதுதான் உண்டு. வேண்டுதல் ஒருவருடையது, பசியாறுவது இன்னொருவர். என்னைக் கேட்டால், உள்ளே நடக்கும் பூஜைக்கு இது எள்ளளவும் குறைந்ததில்லை.

நம்பிக்கை வந்த பிறகுதான் நன்றி வரும் என்று காத்திருக்க வேண்டாம். பல பேருக்கு நன்றிதான் முதலில் வருகிறது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரிய ஐந்து விஷயங்கள் வரை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள்.

எழுதப் பிடிக்காவிட்டால், சரி, ராத்திரி வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள். "எல்லாம் நல்லா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் மனதில் தங்காது. கூட்டமான டவுன் பஸ்ஸில் உங்கள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட அக்கா, ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற வண்டிக்காக ஒதுங்கி நின்ற டிரைவர் என்று ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள். தெரிந்தவராக இருந்தால், மறுநாள் அவரிடமே நேரில் சொல்லிவிடுங்கள்.